பால் வெட்டும் கைக்குப் பொருத்தமான நுண் ரம்பம்

விடியற்காலையில் தலைவிளக்கின் ஒளியில் பால் வெட்டும் தொழிலாளி, ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் சீவி எடுக்கிறார். அதற்கு மேல் எடுத்தால் பட்டை வீணாகும். கத்தி ஆழமாக இறங்கினால் கட்டையில் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆழம் குறைந்தாலோ பால் சரியாக வராது. இந்த அளவை அவர் எந்த அளவுகோலை வைத்தும் அளப்பதில்லை. கை அறிந்து வைத்திருக்கிறது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் பழகிய கை அது. அத்தகைய கைக்கு மாலை நேரத்தில் எந்த வேலை பொருந்தும் என்பதே இம்மாதப் பாடம்.

மெல்லிய பலகையில் கொடி, பறவை, எழுத்து, கோலம் முதலிய வடிவங்களை வரைந்து, ஈர்க்குச்சியைவிட மெலிந்த ரம்ப அலகினால் கோட்டின் வழியே அறுத்தெடுப்பது ஒரு கைத்திறன். இதற்கு இரு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று, ஆங்கில 'யு' எழுத்தைப் போல் வளைந்த இரும்புச் சட்டத்தில் சுமார் 5 அங்குல நீளமுள்ள அலகைப் பூட்டிக் கையால் இழுத்து அறுக்கும் சிறு ரம்பம். மற்றொன்று மின்சாரத்தால் இயங்குவது. அதில் அலகு ஒரே இடத்தில் நின்று மேலும் கீழும் ஓடும். பலகையைத்தான் நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கருவிக் கடைகளில் இவ்வியந்திரத்தை 'ஸ்குரோல் சா' என்பர். இக்கட்டுரையில் முன்னதைக் கைரம்பம் என்றும் பின்னதை இயந்திர ரம்பம் என்றும் வழங்குவோம்.

இக்கலை புதியதன்று. ஐரோப்பாவில் விலையுயர்ந்த தளவாடங்களில் பல நிற மரத்துண்டுகளைப் பதிக்கும் தச்சர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தகைய நுண் ரம்பங்களைக் கையாண்டனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தையல் இயந்திரத்தைப் போல் காலால் மிதித்து ஓட்டும் ரம்பங்கள் வந்தன. அதன்பின் இது தச்சருக்கு மட்டும் உரியதாக இல்லாமல் எழுத்தர்களும் ஆலைத் தொழிலாளர்களும் பள்ளி மாணவர்களும் மாலையில் ஈடுபடும் பொழுதுபோக்காக மாறியது. இங்கிலாந்தில் 1895-ஆம் ஆண்டு 'ஹாபீஸ்' என்ற வார இதழ் தொடங்கப்பட்டது. வாசகர்கள் பலகையில் ஒட்டி அறுப்பதற்கென்றே அதனுடன் மாதிரிப் படங்கள் இணைத்து வழங்கப்பட்டன. ஒருவர் அறுத்த மாதிரியை மற்றவருக்குக் கொடுப்பதும், முறிந்த அலகுகளைக் காட்டிக் காரணம் கேட்பதும், புதியவருக்குக் கற்றுக் கொடுப்பதும் இப்பொழுதுபோக்கின் கூடவே வளர்ந்த பழக்கங்கள். இன்றும் இதில் ஈடுபடுவோர் எந்நாட்டில் இருப்பினும் மாதிரிகளைப் பூட்டி வைப்பதில்லை.

இந்தியாவில் இதற்குப் புகழ்பெற்ற இடம் மைசூர். அங்குள்ள கைவினைஞர் கருங்காலி போன்ற கருநிற மரங்களிலும், சிறப்பாக ஈட்டி மரத்திலும், வேறு நிறத் துண்டுகளைப் பதித்து யானை, மயில், ஊர்வலம் முதலிய காட்சிகளை அமைக்கின்றனர். பதிக்கப்படும் துண்டு ஒவ்வொன்றும் நுண் ரம்பத்தால் அறுக்கப்படுவதே. முன்னாளில் யானைத் தந்தத்தைப் பதித்தனர். தந்த வணிகத்திற்குத் தடை வந்தபின் வெவ்வேறு நிறமுள்ள மரங்களே அந்த இடத்தைப் பிடித்தன. தந்தம் போனதால் கலை நலியவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். பொருளின் விலையைவிடக் கையின் துல்லியமே அதைத் தாங்கி நின்றது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நமது நெகிரி செம்பிலான் மாநிலமே மரவேலைக்குப் பெயர் பெற்றதுதான். கோலப் பிலா மாவட்டத்தில் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை 1902-இல் தொடங்கி 1908-இல் கட்டி முடிக்கப்பட்டது. கஹார், தாயிப் என்னும் இரு மலாய்த் தச்சர்களின் திறமையால் எழுந்த இம்மாளிகை நான்கு மாடிகளையும் 99 தூண்களையும் கொண்டது. செங்கால் மரத்தைப் பொருத்துவாய் வெட்டி இணைத்தார்களேயன்றி ஆணி அடிக்கவில்லை. 1992-ஆம் ஆண்டு அது அரச அரும்பொருளகமாக ஆக்கப்பட்டது. மலாய்ப் பாரம்பரிய வீடுகளில் சன்னலுக்கும் கதவுக்கும் மேலே, காற்று நுழைவதற்காகப் பலகையை ஊடுருவிச் செதுக்கிய கொடிகளையும் மலர்களையும் காணலாம். இதற்குத் 'தெபுக் தெம்புஸ்' என்று பெயர். அதைச் செய்வோர் உளியையும் ரம்பத்தையும் கலந்து பயன்படுத்துகின்றனர். நாம் சொல்லவரும் வேலைக்கு அது மூத்த உடன்பிறப்பு எனலாம். அடுத்த முறை சிரம்பானுக்குச் செல்லும்போது மாநில அரும்பொருளக வளாகத்திலுள்ள அம்பாங் திங்கி மர அரண்மனையைப் பிள்ளைகளுடன் பார்த்து வாருங்கள். மாதிரிப் புத்தகம் ஒன்றை வாங்கிய பயன் கிட்டும்.

விறகாக இருந்த மரம்

இனி நமது பால்மரத்திற்கு வருவோம். தென்னமெரிக்காவிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1877-இல் இவ்வட்டாரத்திற்கு வந்த இம்மரத்தைப் பல தலைமுறைகளாக நாம் பட்டையைக் கொண்டே மதித்து வந்தோம். பால் ஓடுவது பட்டையில்தான். பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையைப் பற்றி எவரும் பெரிதாக எண்ணியதில்லை. பால் வற்றிய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது கட்டை அடுப்பு விறகாயிற்று, ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டிற்கு விறகாயிற்று, செங்கற்சூளைக்குப் போயிற்று. பிறையில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, இரும்புத் தாதுவை உருக்க ரப்பர் மரக் கரியைப் பயன்படுத்தியது. விறகானதை இழிவென்று கூற மாட்டோம். நம் வீடுகளில் சோறு வெந்ததும் அந்த விறகில்தானே.

எனினும் அந்தக் கட்டை விறகாகவே இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் மாச்சத்து மிகுதி. வெட்டிச் சாய்த்த ஓரிரு நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துக் கட்டை நீலம் பாய்கிறது. அடுத்துத் துளைவண்டு புகுந்து குண்டூசி முனையளவு துளையிட்டு, உள்ளிருக்கும் மரத்தை மாவாக்கிவிடுகிறது. பலகைக்கு அடியில் வெண்மாவு கொட்டியிருப்பதைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பர். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகமும் பிற நிறுவனங்களும் நடத்திய ஆய்வுகளின் பயனாக இதற்கு வழி பிறந்தது. அறுத்த பலகையைக் காலம் தாழ்த்தாமல் அழுத்தக் கலத்தில் இட்டுப் போரான் உப்புக் கரைசலை உட்செலுத்தி, பிறகு சூட்டறையில் உலர்த்தினால் வண்டும் பூஞ்சணமும் நெருங்குவதில்லை. 1980-களிலிருந்து ரப்பர் மரத் தளவாடங்கள் பெருமளவில் வெளிநாடுகளுக்குச் செல்லத் தொடங்கின. ஜொகூரில் மூவார் நகரம் தளவாட நகரமாகவே வளர்ந்தது. வெளிநாட்டு வணிகர் சிலர் இதை 'மலேசிய ஓக்' என்று பெயரிட்டு விற்றனர். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரம் இப்பொழுது மேசையாகவும் தொட்டிலாகவும் நிற்கிறது.

நுண் ரம்ப வேலைக்கு இக்கட்டை ஏற்றதா என்று கேட்கலாம். ஏற்றதுதான், ஆனால் முதல் நாளுக்கு ஏற்றதன்று. தந்தம் போன்ற வெளிர்நிறமும், சிக்கல் குறைந்த நாரோட்டமும், நடுத்தரக் கடினமும் இதன் நற்பண்புகள். பென்சில் கோடு தெளிவாகத் தெரியும். வண்ணம் நன்றாகப் பிடிக்கும். குறைபாடு ஒன்று உண்டு. காற்றிலும் சரிவிலும் சாய்ந்து வளர்ந்த மரத்தின் கட்டையில் இழுவிசை தேங்கியிருக்கும். அதை அறுக்கும்போது வாய் மூடிக்கொண்டு அலகை இறுக்கிப் பிடிக்கும். அறுத்த இடம் பஞ்சுபோல் இழை கிளம்பும். அத்தகைய துண்டை விட்டுவிட்டு வேறு துண்டை எடுப்பதே நலம்.

துண்டு எங்கே கிடைக்கும்? மறுநடவுக் காட்டில் கிடக்கும் பச்சைக் கட்டையை எடுத்து வந்து அறுத்தால் ஆறு வாரத்தில் முறுக்கிக்கொண்டு, வண்டும் பிடித்து, செய்த வேலை வீணாகும். மேலும் சாய்த்த மரங்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரருக்கு விற்கப்பட்டவையாக இருக்கும். நிர்வாகத்தின் ஒப்புதலின்றி ஒரு கிளையைக்கூட எடுக்கலாகாது. தளவாடப் பட்டறைகளில் கழித்துப்போடும், பக்குவப்படுத்திய ரப்பர் மரத் துண்டுகளைக் கேட்டு வாங்குவதே சரியான வழி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். போரான் உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே இம்மரத்தில் செய்த பொருள் வீட்டுக்குள் இருக்க வேண்டியது. மழை படும் வேலிப்படலில் மாட்டத் தக்கதன்று. பக்குவப்படுத்திய மரத்தில் கரண்டி, தட்டு, கைக்குழந்தை வாயில் வைக்கும் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றையும் செய்ய வேண்டாம்.

முதற் பாடம்

தொடங்குவோருக்கு 6 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் போதும். கைரம்பம் ஒன்று, எண் 3 அலகு ஒரு டஜன், சிறு துளைக்கருவி, உப்புத்தாள், இவ்வளவே முதலீடு. வேலை மேசைக்கென்று தனியே செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரு சாண் அகலமுள்ள தடித்த பலகையின் முனையில் 'வி' எழுத்து வடிவில் ஒரு வெட்டு வெட்டி, அந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு மேசை விளிம்பில் இறுக்கிவிட்டால் போதும். அறுக்கும் பலகையை அதன்மேல் வைத்து, வெட்டு வாய்க்குள் அலகு ஓடும்படி அறுக்க வேண்டும். பலகை மார்புக்குச் சற்றே கீழே இருக்குமாறு தாழ்வான முக்காலியில் அமர்ந்தால் முதுகு வலிக்காது.

அலகைப் பூட்டும்போது பற்கள் கீழ்நோக்கி, அதாவது கைப்பிடியை நோக்கி, இருக்க வேண்டும். விரலால் மீட்டினால் 'டங்' என்று ஒலிக்கும் அளவுக்கு இழுத்துப் பூட்டுங்கள். தொளதொளப்பாக இருந்தால் அலகு கோட்டை விட்டு விலகும். ரம்பம் செங்குத்தாக நிற்க, கீழிழுப்பில் அறுத்து, மேலே போகும்போது சும்மா விட வேண்டும். அழுத்தக் கூடாது. இங்குதான் பால் வெட்டுவோருக்கு ஒரு வசதி. மரத்தை வற்புறுத்தாமல் கருவியின் கூர்மையை வேலை செய்யவிடும் பழக்கம் அவர்களுக்கு முன்பே உண்டு. பிறருக்கு அது வருவதற்குள் பல அலகுகள் முறியும்.

மூலை திரும்புவதே முதலில் கடினமாகத் தோன்றும். கோடு சட்டென மடங்கும் இடத்தில், ரம்பத்தை முன்னே தள்ளாமல் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓட்டிக்கொண்டு, பலகையை மெதுவாகத் திருப்புங்கள். அலகு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே குடைந்துகொள்ளும். முதல் மாலை முழுவதும் நேர்கோடு, அலைக்கோடு, மூலை ஆகிய மூன்றையும் அறுத்துப் பழகினால் போதும். அன்றே மயிலை அறுக்கத் தொடங்கினால் மயிலும் போகும், பலகையும் போகும்.

கோலமும் எழுத்தும்

மாதிரிப் படத்திற்குக் கடையைத் தேட வேண்டியதில்லை. நம் வீட்டு வாசலில் கோலம் இருக்கிறது. ஆனால் கோலத்தைப் பலகைக்குக் கொண்டுவரும்போது ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். வாசலில் இட்ட கோலத்தைத் தரை தாங்குகிறது. அறுத்த கோலத்திற்குத் தரை கிடையாது. ஒவ்வொரு பகுதியும் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். சிக்குக் கோலத்தின் கோடுகளையே அறுத்து எடுத்துவிட்டால், கோட்டால் சூழப்பட்ட ஒவ்வொரு கட்டமும் கீழே உதிர்ந்துவிடும். எனவே முறையை மாற்றுங்கள். கோடுகளை 5 மில்லிமீட்டர் அகலமுள்ள மரமாக விட்டுவிட்டு, நடுவிலுள்ள இடங்களை அறுத்து நீக்குங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடமெல்லாம் இணைப்பாக அமைவதால் முழுக் கோலமும் பின்னல் சன்னலைப் போல் ஒரே துண்டாக நிற்கும். சுழிக்குள் இருக்கும் புள்ளிகள் மட்டும் நிற்க மாட்டா. அவற்றை விட்டுவிடலாம், அல்லது கோலத்தைக் கருநிறப் பலகையின்மேல் ஒட்டி, புள்ளிகளைத் தனித்தனியே பதிக்கலாம். கோலம் போடும் தாய்மார்களும் தமக்கையரும் இந்த இணைப்புக் கணக்கை ஆண்களைவிட விரைவில் கண்டுகொள்வர் என்பது நமது எண்ணம். ரம்பம் ஆண்களின் கருவி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

தமிழ் எழுத்தை அறுப்பதிலும் இதே சிக்கல் வரும். 'நல்வரவு' என்று வாசலுக்கு மேல் ஒரு பலகை செய்வதாகக் கொள்வோம். 'ல்' எழுத்தின் புள்ளி காற்றில் நிற்காது. அதை எழுத்தோடு மெல்லிய கழுத்தால் இணைத்து வரையுங்கள். 'கால்', 'கொம்பு' ஆகியனவும் தனித்து நிற்பவை. எல்லா எழுத்துகளுக்கும் அடியில் ஒரு பட்டைக் கோடு விட்டு அதன்மேல் எழுத்துகள் நிற்குமாறு அமைத்தால் அவையும் அகலா. 'ல', 'வ' போன்றவற்றின் சுழிக்குள் உள்ள சிறு இடத்தை நீக்க, அவ்விடத்தில் முதலில் ஒரு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் விட்டு மறுபடியும் பூட்டி அறுக்க வேண்டும். உள்ளிடங்களையெல்லாம் முதலில் அறுத்து, வெளிவரம்பைக் கடைசியில் அறுப்பது எப்போதும் விதி. முன்கூட்டியே வெளிவரம்பை அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடமின்றிப் பலகை துள்ளும். மெல்லிய பகுதி முறியும். பிளைவுட்டை விடுத்து ரப்பர் மரப் பலகைக்கு மாறும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். புள்ளியை இணைக்கும் கழுத்து போன்ற மெல்லிய பகுதிகள் நாரோட்டத்தின் நீளவாக்கில் அமைய வேண்டும்; குறுக்கே அமைந்தால் விரல் பட்டாலே ஒடியும்.

இயந்திரத்தைப் பற்றி

இயந்திர ரம்பம் வேலையை விரைவாக்கும் என்பது உண்மை. நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான தடவை ஓடும் அலகு, கைரம்பத்தில் ஒரு மாலை எடுக்கும் வேலையைச் சிறிது நேரத்தில் முடித்துவிடும். வட்ட ரம்பத்தைப் போல் மரத்தை ஆளின் மேல் தூக்கி எறிவதும் இதில் அரிது. ஆயினும் ஆறு மாதங்களாவது கைரம்பத்தில் பழகாதவர் இதை வாங்க வேண்டாம் என்பதும், பழகியவரும் தவணைக் கடனுக்கு வாங்க வேண்டாம் என்பதும் நமது உறுதியான கருத்து. பொழுதுபோக்கு குடும்ப வரவில் கை வைக்கலாகாது. நான்கைந்து குடும்பத்தினர் கூடி ஒன்றை வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைத்து முறைவைத்துப் பயன்படுத்துவது அறிவுடைமை.

வாங்குவோர், பூமிக்கம்பி இணைப்புள்ள மூன்று முனைச் செருகியில் மட்டும் அதை இணைக்க வேண்டும். ஒட்டுப்போட்ட கம்பியை சன்னல் வழியாக இழுத்துப் பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது உயிருக்கு உலைவைக்கும் செயல். பலகையை அழுத்திப் பிடிக்கும் காற்பகுதியைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள். விரல்கள் அலகின் இருபுறமும் இருக்கட்டும். அலகுக்கு நேர் எதிரே ஒருபோதும் இருக்கக் கூடாது. ரம்ப அலகு மெலிந்தது என்பதால் விரலை விட்டுவைக்காது. கையை நம்பிப் பிழைக்கும் நமக்கு விரலின் விலை பிறரைவிடச் சற்று அதிகம். அலகு மாற்றும்போது விசையை அணைத்தால் போதாது. செருகியைப் பிடுங்கிவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை எவரும் அஞ்சுவர். தெரியாத ஆபத்து தூள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வகம் 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் வைத்தது. நாசிக் குழியில் வரும் நோயே அதில் முதன்மையானது. மாலையில் சிறிது நேரம் அறுப்பவருக்குத் தளவாட ஆலைத் தொழிலாளியின் அளவுக்கு ஆபத்து இல்லையெனினும், அடைத்த அறையில் அறுப்பது கூடாது. வீட்டின் பின்புறத் திறந்த தாழ்வாரமே தக்க இடம். பெருந்தொற்றுக் காலத்தில் நாம் அனைவரும் அணிந்து பழகிய, மூக்கோடு இறுகப் பொருந்தும் 'என்95' முகக்கவசம் இதற்கும் உதவும். தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை அருகில் அமர வைக்காதீர்கள்.

அறுத்து முடித்த பொருளை 120, 180, 240 என்ற எண்ணுள்ள உப்புத்தாள்களால் அவ்வரிசையிலேயே தேய்த்து, ஈரமில்லாத துணியால் துடைத்து, வார்னிஷ் மெல்லியதாக இருமுறை பூசினால் போதும். ரப்பர் மரத்தின் இயல்பான நிறமே அழகுடையது. செங்கால் மரத்தின் நிறம் வர வேண்டுமென்று கருஞ்சாயம் பூசுவது தேவையற்ற வேலை. விளிம்பு கருகியிருந்தால் அது மரத்தின் குற்றமன்று. மழுங்கிய அலகை விடாமல் ஓட்டியதன் அடையாளம்.

ஒரு மரம் சாய்க்கப்படும் முன் அதில் இருபது ஆண்டுகள் பால் வெட்டியவர் அதை நின்று ஒரு முறை பார்ப்பது உண்டு. லாபு, ரந்தாவ், பகாவ் பக்கங்களில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் புதிய நகர்களுக்கும் இடம் கொடுத்துவிட்ட நிலையில் அந்தப் பார்வை இன்னும் நீளும். அந்த மரமே நமக்குத் திரும்பிவரும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே இனத்துக் கட்டையில் தம் கையால் அறுத்த ஒரு கோலத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைக்க முடியும். தோட்டத்தை விட்டுப் புறநகர் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளின் வீட்டிலும் அதற்கு இடமிருக்கும்.

இறுதியாக அலகுகளைப் பற்றி ஒரு சொல். அவை முறியும், தேர்ந்தவர் கையிலும் முறியும். ஆகவே டஜன் கணக்கில் வாங்கி, தோழர்கள் இருவர் மூவர் பகிர்ந்துகொள்வது சிக்கனம். நமது ஈரக்காற்றில் மெல்லிய எஃகு விரைவில் துருப்பிடிக்கும். எண்ணெய் தடவினால் பலகையில் கறை படியும். மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டியில் உலர்ந்த அரிசி ஒரு பிடி போட்டு, அதற்குள் அலகுகளை நிறுத்தி வையுங்கள். புட்டியின்மேல் அலகின் எண்ணை எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை டவுனுக்குச் செல்பவர் எவராயினும் அந்த எண்ணைச் சொல்லி வாங்கி வரலாம்.